ஜிக்சா வகுப்பறை

ஜிக்சா வகுப்பறை என்பது மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, பாடத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொருவர் கற்று, பின்னர் அதனைத் தம் குழுவினருக்குக் கற்பிக்கும் ஒரு கூட்டுக் கற்றல் முறையாகும். அமெரிக்கச் சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய ஆய்வு மாணவர்களும் 1971 ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இதனை உருவாக்கினர். துண்டுகளாக வெட்டப்பட்ட படத்தை மீண்டும் பொருத்திச் சேர்க்கும் விளையாட்டு ஆங்கிலத்தில் ஜிக்சா எனப்படும். அவ்விளையாட்டில் ஒரு துண்டு குறைந்தாலும் படம் முழுமை பெறாது. அதுபோலவே இம்முறையில் ஒரு மாணவர் தம் பங்கைச் செய்யாவிட்டால் குழுவில் எவராலும் பாடத்தை முழுமையாகக் கற்க இயலாது. இந்த ஒப்புமையிலிருந்தே பெயர் வந்தது.

ஜிக்சா வகுப்பறை முதலில் மதிப்பெண்களை உயர்த்தும் நோக்கில் உருவாக்கப்பட்டதன்று. ஒரே வகுப்பறையில் முதன்முறையாக அமர்த்தப்பட்ட வெவ்வேறு இனக் குழந்தைகளுக்கிடையே நிலவிய பகைமையைக் குறைப்பதே அதன் தொடக்க நோக்கமாகும்.

பின்னணி

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 ஆம் ஆண்டு மே 17 ஆம் நாள் பிரவுன் எதிர் கல்வி வாரியம் என்ற வழக்கில், பொதுப் பள்ளிகளில் இன அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து வைப்பது அரசியலமைப்பிற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. வெவ்வேறு இனக் குழந்தைகள் ஒன்றாகப் படிக்கத் தொடங்கினால் அவர்களிடையே உள்ள தப்பெண்ணம் குறையும் என்றும், சிறுபான்மைக் குழந்தைகளின் தன்மதிப்பு உயரும் என்றும் பலர் எதிர்பார்த்தனர்.

தீர்ப்பு நடைமுறைக்கு வரப் பல இடங்களில் நீண்ட காலம் ஆயிற்று. ஆஸ்டின் நகரில் 1971 ஆம் ஆண்டில்தான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அவ்வாண்டில் கறுப்பின மாணவர்கள் படித்து வந்த பழைய ஆண்டர்சன் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டு, அதன் மாணவர்கள் பேருந்துகளில் நகரின் பிற பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். வெள்ளையின, கறுப்பின, எசுப்பானிய வழி மாணவர்கள் பலர் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்தனர். நீண்ட காலமாக வேரூன்றியிருந்த அச்சமும் ஐயமும் பள்ளி வளாகங்களில் கைகலப்பாக வெடித்தன. நிலைமையைச் சமாளிக்க வழி தேடிய பள்ளி நிருவாகம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆரன்சனின் உதவியை நாடியது.

1932 ஆம் ஆண்டில் பிறந்த ஆரன்சன், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ரெவீர் நகரில் வறிய யூதக் குடும்பத்தில் வளர்ந்தவர். எபிரேயப் பள்ளிக்குச் செல்லும் வழியில் யூத வெறுப்புக் கொண்ட சிறுவர்களிடம் அடி வாங்கியதையும், தம்மை அறியாத அவர்கள் தம்மை வெறுப்பது ஏன் என்று அவ்வயதிலேயே வியந்ததையும் அவர் பின்னாளில் எழுதியுள்ளார்.

வகுப்பறையில் கண்டவை

ஆரன்சனும் அவருடைய குழுவினரும் உடனடியாகத் தீர்வு எதனையும் கூறவில்லை. முதலில் சில நாட்கள் தொடக்கப் பள்ளி வகுப்புகளின் பின்புறம் அமர்ந்து நடப்பவற்றைக் கவனித்தனர். அவர்கள் கண்ட காட்சி உலகின் பெரும்பாலான வகுப்பறைகளுக்குப் பொருந்தக்கூடியது. ஆசிரியர் முன்னே நின்று கேள்வி கேட்கிறார். விடை தெரிந்த சிலர் ஆவலுடன் கை உயர்த்துகின்றனர். ஏனையோர் ஆசிரியரின் கண்ணில் படாமல் தலையைத் தாழ்த்திக் கொள்கின்றனர். ஒருவர் அழைக்கப்பட்டதும் கை உயர்த்திய மற்றவர்கள் ஏமாற்றம் அடைகின்றனர். அழைக்கப்பட்டவர் தவறாகச் சொன்னால் தங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும் என்று மகிழ்கின்றனர்.

இவ்வமைப்பில் ஒரு மாணவரின் வெற்றி மற்றொருவரின் இழப்பாகிறது. ஆஸ்டினில் இதன் விளைவு மேலும் கடுமையாக இருந்தது. வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வந்த சிறுபான்மைக் குழந்தைகள் பாடங்களில் பின்தங்கியிருந்தனர். எனவே போட்டியில் அவர்கள் தோற்பது ஏறத்தாழ உறுதியாக இருந்தது. கறுப்பினக் குழந்தைகள் அறிவில் குறைந்தவர்கள் என்று வெள்ளையினக் குழந்தைகள் முன்பே கொண்டிருந்த எண்ணம், வகுப்பறையில் நாள்தோறும் உறுதிப்பட்டது. தோற்ற குழந்தைகள் வென்றவர்களைச் செருக்குற்றவர்களாகக் கண்டனர். அருகருகே அமர வைத்ததால் மட்டும் பகைமை குறையாது என்பது இதனால் தெளிவாயிற்று.

இது முற்றிலும் புதிய கருத்தன்று. கோர்டன் ஆல்போர்ட் 1954 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இரு குழுவினரிடையே உள்ள தொடர்பு தப்பெண்ணத்தைக் குறைக்க வேண்டுமாயின் சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தில் உள்ளோரின் ஆதரவு ஆகியவை தேவை என்று விளக்கியிருந்தார். அதே ஆண்டில் முசாபர் ஷெரிப் ஓக்லகோமா மாநிலத்தில் 22 சிறுவர்களைக் கொண்டு நடத்திய முகாம் ஆய்வும் இதையே காட்டியது. போட்டிகளால் பகைவர்களாகிய இரு சிறுவர் குழுக்கள், தண்ணீர்த் தட்டுப்பாடு போன்ற பொதுச் சிக்கல்களைச் சேர்ந்து தீர்க்க நேர்ந்தபோதுதான் நெருங்கின. இத்தகைய பொதுத் தேவையை அன்றாடப் பாடத்திற்குள்ளேயே கொண்டு வருவது எப்படி என்பதே ஆரன்சன் குழுவின் முன் நின்ற கேள்வியாகும்.

செயல்முறை

ஜிக்சா வகுப்பறையின் அடிப்படை அமைப்பு எளியது. அதன் படிநிலைகள் வருமாறு:

1. வகுப்பு ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு குழுவிலும் இனம், பால், கற்றல் திறன் ஆகியவற்றில் வேறுபட்ட மாணவர்கள் இடம்பெறுகின்றனர். இவை மூலக் குழுக்கள் எனலாம். ஒவ்வொரு குழுவிற்கும் ஒருவர் தலைவராக நியமிக்கப்படுகிறார்.
2. அன்றைய பாடம் குழு உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது.
3. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பகுதி மட்டுமே தரப்படுகிறது. ஏனைய பகுதிகளை அவர் படிக்க வாய்ப்பில்லை.
4. மாணவர் தம் பகுதியைக் குறைந்தது இருமுறை படித்துப் புரிந்துகொள்கிறார். மனப்பாடம் செய்யத் தேவையில்லை.
5. வெவ்வேறு குழுக்களில் ஒரே பகுதியைப் பெற்றவர்கள் சிறிது நேரம் ஒன்றுகூடுகின்றனர். இது வல்லுநர் குழு எனப்படும். இங்கு அவர்கள் முக்கியக் கருத்துகளை விவாதித்து, எப்படிக் கற்பிப்பது என்று ஒத்திகை பார்க்கின்றனர்.
6. அனைவரும் மூலக் குழுவிற்குத் திரும்பி, ஒருவர் பின் ஒருவராகத் தம் பகுதியைக் கற்பிக்கின்றனர். மற்றவர்கள் கேள்வி கேட்டுத் தெளிவு பெறுகின்றனர்.
7. ஆசிரியர் குழுக்களிடையே சென்று கவனிக்கிறார். யாரேனும் ஆதிக்கம் செலுத்தினாலோ இடையூறு செய்தாலோ குழுத் தலைவர் வழியாக அதனைச் சரிசெய்ய முயல்கிறார்.
8. இறுதியில் பாடம் முழுவதற்கும் தேர்வு நடைபெறுகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாகவே தேர்வு எழுதுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, 30 மாணவர்கள் உள்ள வகுப்பில் ஐவர் வீதம் ஆறு மூலக் குழுக்கள் அமையும். பாடம் ஐந்து பகுதிகளாகும். அப்போது அறுவர் வீதம் ஐந்து வல்லுநர் குழுக்கள் அமையும். வகுப்பில் 32 பேர் இருந்தால் இரண்டு குழுக்களில் ஆறு பேர் இருப்பர். அக்குழுக்களில் ஒரு பகுதியை இருவர் பகிர்ந்துகொள்ளலாம்.

பேசும் வாய்ப்பு எவ்வாறு மாறுகிறது என்பதையும் இக்கணக்கிலிருந்தே அறியலாம். வகுப்பு முழுவதும் ஒரே குழுவாக 45 நிமிடம் உரையாடினால், ஒருவருக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடமே கிடைக்கும். ஐவர் குழுவில் அதே நேரம் ஒருவருக்கு ஒன்பது நிமிடமாகிறது.

பாடம் பிரிக்கும் முறை

பகுதிகள் ஒன்றையொன்று சாராமல் தனித்துப் புரியக்கூடியனவாகவும், ஆயின் அனைத்தும் சேர்ந்தால்தான் முழுமை பெறுவனவாகவும் இருத்தல் வேண்டும். வாழ்க்கை வரலாறு இதற்கு மிகவும் ஏற்றது. எலினோர் ரூசவெல்டின் வாழ்க்கையைப் பாடமாகக் கொண்டால் அதனைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

- 1884 இல் பிறந்து, பத்து வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைப் பருவம்
- 1905 இல் பிராங்க்ளின் ரூசவெல்டுடன் திருமணம், குடும்ப வாழ்க்கை
- 1921 இல் கணவர் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட பின் பொது வாழ்வில் ஈடுபாடு
- 1933 முதல் 1945 வரை அதிபரின் மனைவியாக ஆற்றிய பணிகள்
- கணவரின் மறைவுக்குப் பிறகு ஐக்கிய நாடுகள் அவையில் பணி, 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் சாற்றுரை

இரண்டாம் பகுதியைப் படித்த மாணவருக்குக் கதாபாத்திரத்தின் திருமணம் தெரியும். அவர் அனாதையாக வளர்ந்தது தெரியாது. அதனை அறிய முதற்பகுதி மாணவரைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

வழக்கமான குழுப்பணிக்கும் ஜிக்சா முறைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. வழக்கமான குழுப்பணியில் ஓரிருவர் வேலை முழுவதையும் செய்ய, மற்றவர்கள் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வது உண்டு. அங்கு ஒத்துழைப்பு மாணவர்களின் நல்லெண்ணத்தைச் சார்ந்தது. ஜிக்சா முறையில் தகவல் பகிர்ந்து வைக்கப்பட்டிருப்பதால், ஒத்துழைப்பு அனைவருக்கும் தேவையாகிறது.

ஒரு மாணவரின் பட்டறிவு

இம்முறை தொடக்கத்திலேயே சீராக நடந்துவிடவில்லை. ஆரன்சன் தம் நூல்களில் கார்லோஸ் என்னும் புனைபெயரில் குறிப்பிடும் சிறுவனின் நிகழ்வு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். வீட்டில் எசுப்பானியம் பேசும் கார்லோசுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. வகுப்பில் அவன் தடுமாறிப் பேசும்போது மற்றவர்கள் சிரித்தனர். எனவே அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். அவனை வருத்தக்கூடாது என்று ஆசிரியையும் அவனிடம் கேள்வி கேட்பதைத் தவிர்த்தார். இரக்கத்தால் செய்யப்பட்ட இச்செயல், அவன் எதுவும் அறியாதவன் என்ற எண்ணத்தை வகுப்பில் மேலும் வலுப்படுத்தியது.

ஜிக்சா குழுவில் அவனால் மௌனமாக இருக்க இயலவில்லை. தன் பகுதியைச் சொல்லத் தொடங்கித் திக்கினான். குழுவினர் பழைய வழக்கப்படி கேலி செய்தனர். அங்கிருந்த உதவியாளர் ஒருவர் குறுக்கிட்டு, கேலி செய்வதால் அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிய வராது, சிறிது நேரத்தில் தேர்வு வரப்போகிறது என்ற பொருள்பட நினைவூட்டினார். அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. நிலைமையை மட்டும் எடுத்துக்காட்டினார்.

சில நாட்களில் குழந்தைகளின் அணுகுமுறை மாறியது. கார்லோசிடமிருந்து விடை பெற அவனிடம் நல்ல கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். கேள்விகள் தெளிவாக வந்தபோது அவன் விடைகளும் தெளிவாக வந்தன. அவன் தாங்கள் நினைத்ததைவிட அறிவுள்ளவன் என்று அவர்கள் உணர்ந்தனர். அவனும் அவர்கள் தான் நினைத்ததைவிட நல்லவர்கள் என்று உணர்ந்தான்.

பல ஆண்டுகள் கழித்து ஆரன்சனுக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த மாணவர். ஆரன்சனின் ஆய்வு பற்றிய நூலைப் படித்தபோது அதில் வரும் சிறுவன் தாமே என்று கண்டுகொண்டதாக அவர் குறிப்பிட்டிருந்தார். அக்காலத்தில் தாம் பள்ளியை வெறுத்ததையும், தம்மை அறிவற்றவர் என்று நம்பியதையும், ஜிக்சா குழுவில் பணிபுரியத் தொடங்கிய பின் அந்நம்பிக்கை தகர்ந்ததையும், கொடியவர்கள் என்று எண்ணியவர்கள் நண்பர்களானதையும், கற்பதில் விருப்பம் பிறந்ததையும் அவர் விவரித்திருந்தார். ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் தமக்கு இடம் கிடைத்திருப்பதாகவும் தெரிவித்திருந்தார்.

தனியொருவரின் நினைவு ஒரு முறையின் பயனுக்குச் சான்றாகாது. எனினும், கேள்வி கேட்கப்படாமல் விடப்படும் மாணவர் அதனை எவ்வாறு உணர்கிறார் என்பதை உள்ளிருந்து காட்டுவதால் இம்மடல் அடிக்கடி சுட்டப்படுகிறது.

தொடக்க கால ஆய்வுகள்

ஆஸ்டினில் ஜிக்சா முறையில் பயின்ற வகுப்புகளும் வழக்கமான முறையில் பயின்ற வகுப்புகளும் ஒப்பிடப்பட்டன. ஜிக்சா மாணவர்கள் இன வேறுபாடின்றித் தம் குழுவினரை மேலும் விரும்பினர். அவர்களின் தன்மதிப்பு உயர்ந்தது. சிறுபான்மை மாணவர்களின் தேர்வு முடிவுகள் உயர்ந்தன. வெள்ளையின மாணவர்களின் முடிவுகள் குறையவில்லை. பின்தங்கிய மாணவர்களுடன் சேர்த்துக் கற்பிப்பதால் முன்னணி மாணவர்கள் பாதிக்கப்படுவர் என்ற பெற்றோரின் அச்சத்திற்கு இது விடையாக அமைந்தது. இவ்வாய்வுகள் 1978 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

டயேன் பிரிட்ஜ்மன் மேற்கொண்ட ஆய்வு பிறர் நிலையிலிருந்து நோக்கும் திறனை அளவிட்டது. பத்து வயதுக் குழந்தைகளுக்கு ஒரு படக்கதை காட்டப்பட்டது. அதில் ஒரு சிறுவன் விமான நிலையத்தில் தந்தையிடம் விடைபெற்று வருந்துகிறான். பின்னர் அஞ்சல்காரர் கொண்டு வரும் பொட்டலத்தைப் பிரிக்கிறான். உள்ளே பொம்மை விமானம் இருப்பதைக் கண்டு அழுகிறான். சிறுவன் ஏன் அழுகிறான் என்று கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் சரியாகக் கூறினர். ஆனால், அச்சிறுவன் அழுவதைப் பற்றி அஞ்சல்காரர் என்ன நினைப்பார் என்பது கடினமான கேள்வி. வழக்கமான வகுப்புக் குழந்தைகள் பலர் தங்களுக்குத் தெரிந்தது அஞ்சல்காரருக்கும் தெரியும் என்று கருதினர். எட்டு வாரம் ஜிக்சா முறையில் பயின்ற குழந்தைகள், விமான நிலைய நிகழ்வு அஞ்சல்காரருக்குத் தெரியாது என்பதை மிகுதியாக உணர்ந்திருந்தனர். தமக்குத் தெரிந்ததை அறியாத ஒருவருக்கு நாள்தோறும் விளக்கும் பயிற்சி இத்திறனை வளர்த்தது எனக் கொள்ளலாம்.

விளைவுகளுக்கான விளக்கங்கள்

ஜிக்சா முறை மனப்பான்மையை மாற்றுவதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன.

- போட்டி நீங்குதல்: மற்றவரின் வெற்றி தமக்கும் பயன் தருவதால் அதனை விரும்பும் நிலை ஏற்படுகிறது.
- கவனித்துக் கேட்டல்: தகவல் பெற வேண்டிய தேவை, மற்றவரை உற்று நோக்க வைக்கிறது. குழு அடையாளத்திற்கு அப்பால் தனி மனிதர் தெரிகிறார்.
- உதவுதல்: ஒருவருக்கு உதவி செய்தவர், அவர் உதவிக்குத் தகுந்தவரே என்று கருதத் தொடங்குகிறார். ஆரன்சனின் ஆசிரியர் லியோன் பெஸ்டிங்கர் முன்வைத்த அறிதல் முரண்பாட்டுக் கோட்பாட்டுடன் இது பொருந்துகிறது.
- சம நிலை: குறிப்பிட்ட பகுதியைப் பொறுத்தவரை ஒவ்வொருவரும் ஒருமுறை ஆசிரியராகிறார்.

இக்காரணங்கள் எதிலும் மாணவர்கள் ஒருவரையொருவர் விரும்ப வேண்டும் என்ற அறிவுரைக்கு இடமில்லை. வகுப்பறையின் அமைப்பு மாறுவதால் நடத்தை மாறுகிறது. நடத்தை மாறுவதால் எண்ணம் மாறுகிறது.

நடைமுறைச் சிக்கல்கள்

ஒரு மாணவர் வராவிட்டால் அவருடைய பகுதி குழுவிற்குக் கிடைக்காது. ஒரு பகுதிக்கு மாற்று ஆளை ஆயத்தமாக வைத்திருப்பது இதற்கு ஒரு வழியாகும். மெதுவாகப் படிக்கும் மாணவரின் விளக்கம் குறைபட்டால் குழு முழுவதும் பாதிக்கப்படலாம். தவறாகப் புரிந்துகொண்டவர் தவறையே பரப்பக்கூடும். வல்லுநர் குழு இதற்காகவே அமைக்கப்பட்டது. விரைவாகப் படிப்பவர்கள் சலிப்படைவதும் உண்டு. அவர்களுக்குக் கற்பித்தலையே ஒரு சவாலாக அளிக்கலாம் என்பது ஆரன்சனின் கருத்து.

ஒரு படியைக் கற்ற பிறகே அடுத்த படியைக் கற்கக்கூடிய கணிதம் போன்ற பாடங்களுக்கு இம்முறை எளிதில் பொருந்துவதில்லை. வரலாறு, புவியியல், இலக்கியம் ஆகியவற்றிற்கு நன்கு பொருந்துகிறது. பாடத்தைப் பிரித்து எழுதுவதற்கு ஆசிரியர் முன்கூட்டியே உழைக்க வேண்டியுள்ளது. நாள் முழுவதும் இம்முறையைக் கையாளத் தேவையில்லை என்றும், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போன்ற குறைந்த அளவும் பயன் தரும் என்றும் ஆரன்சன் கூறியுள்ளார்.

மாற்று வடிவங்கள்

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் இரண்டாம் ஜிக்சா எனப்படும் வடிவத்தை உருவாக்கினார். இதில் அனைத்து மாணவர்களும் பாடம் முழுவதையும் படிக்கின்றனர். ஆயின் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் வல்லுநராகின்றனர். ஒவ்வொருவரும் தம் முந்தைய நிலையிலிருந்து அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டு குழு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. எனவே பின்தங்கிய மாணவரும் குழுவிற்கு மிகுதியான புள்ளிகளை ஈட்டித் தர இயலும். இவ்வடிவத்தில் பாடநூலைப் பிரித்து எழுதும் வேலை இல்லை. ஆனால் ஒருவரையொருவர் கட்டாயம் நாட வேண்டிய தேவையும் குறைகிறது.

விமர்சனம்

ஜிக்சா முறை கற்றல் அடைவை உயர்த்துகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 2022 ஆம் ஆண்டில் வெளியான பிரெஞ்சு ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று, பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஐந்து சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்தது. ஜிக்சா முறையில் பயின்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கற்றதற்கு அதில் போதிய சான்று கிடைக்கவில்லை.

சில வாரங்கள் நடைபெறும் வகுப்பறை மாற்றம், குடியிருப்பிலும் வருமானத்திலும் உள்ள சமனின்மையை அகற்றாது என்ற கருத்தும் உண்டு. குழுவில் உள்ள ஒரு நண்பரை விரும்பும் குழந்தை, அந்நண்பரை விதிவிலக்காகக் கருதி, அவர் சார்ந்த இனத்தைப் பற்றிய பழைய எண்ணத்தை வைத்துக்கொள்ளவும் கூடும்.

ஆரன்சன் இம்முறையைப் பின்னர் வேறொரு சூழலிலும் வலியுறுத்தினார். 1999 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் நாள் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டிற்குப் பிறகு, 2000 ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலை வெளியிட்டார். உலோகங்காட்டிகளும் காவலர்களும் மட்டும் போதா. சிலரை ஒதுக்கி இழிவுபடுத்தும் பள்ளிச் சூழலையே மாற்ற வேண்டும் என்பது அந்நூலின் வாதமாகும். அதற்கான வழிகளுள் ஒன்றாக அவர் ஜிக்சா வகுப்பறையை முன்வைத்தார்.

இவற்றையும் பார்க்க

- கூட்டுக் கற்றல்
- சமூக உளவியல்
- தப்பெண்ணம்
- அறிதல் முரண்பாடு
- பிரவுன் எதிர் கல்வி வாரியம்